அம்மம்மாவின் சந்திக்கடை: இடிக்காமல் திருத்திய கதை

பழைய கடைக் கட்டடத்தை இடிப்பதா, திருத்துவதா என்று குழம்புகிறவர்கள் கொஞ்சக் காலமாக என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். எங்கள் கடை திரும்பத் திறந்ததைப் பார்த்துவிட்டுத்தான். ஒவ்வொருவருக்கும் அடியிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கடை யாழ்ப்பாணத்தில், கொக்குவில் பக்கம், வீதியும் ஒழுங்கையும் சேர்கிற மூலையில் இருக்கிறது. 1928 இல் கட்டியது. அந்த ஆண்டும், அதற்குரிய 'விபவ' என்ற தமிழ் வருடமும் முகப்பில் சுண்ணாம்புச் சாந்தால் புடைப்பாக எழுதப்பட்டிருக்கின்றன. கட்டியவர் அம்மம்மாவின் தகப்பனார். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து திரும்பிய பென்சனியர். மலாயாக் காசில் எழும்பிய கல்வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் உண்டு. இவர் வீட்டோடு நிற்காமல், மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்க ஒரு கடையும் கட்டினார்.

சந்தியைப் பார்க்கிற மூலையைக் கூராக விடாமல் சரிவாக வெட்டி, அந்த வெட்டு முகத்திலேயே வாசலை வைத்திருக்கிறார்கள். வீதியால் வருகிற ஆளும் ஒழுங்கையால் வருகிற ஆளும் ஒரே படியில்தான் ஏறவேண்டும். மாட்டுவண்டில் ஒழுங்கைக்குள் திரும்பவும் அந்த வெட்டு இடம் கொடுத்தது. இரண்டு பக்கமும் விறாந்தை, உருண்டைத் தூண்கள். சுவர் ஒன்றரை அடித் தடிப்பு, சுண்ணக்கல்லும் சுண்ணாம்பும். மேலே பனை வளை, பனஞ்சிலாகை, அதன் மேல் கள்ளிக்கோட்டை ஓடு. உள்ளே ஒரு பெரிய அறை, ஒழுங்கைப் பக்கம் ஒரு சின்ன அறை, இரண்டுக்கும் மேலாக ஒரு பரண். அவ்வளவுதான் கட்டடம். ஆனால் மத்தியான வெயிலில் விறாந்தையில் ஏறி நின்றால் வித்தியாசம் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் கடைகள் சந்திகளுக்குப் பெயர் கொடுத்திருக்கின்றன. முட்டாசுக்கடைச் சந்தி என்றால் தெரியாதவர் இல்லை. எங்கள் சந்திக்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணமாக இருக்கும். முதலில் பலசரக்கு. சின்ன அறையில் சுருட்டுக் கொட்டில். பரணில் புகையிலைச் சிப்பம். சுருட்டுகிறவர்களின் கை வேலையில் இருக்க, ஒருவர் பேப்பர் வாசிப்பார். 1959 இல் ஈழநாடு வந்த பிறகு அதுதான் வாசிப்பு என்று அம்மா சொல்வார். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை வந்தது. பங்கீட்டுக் கூப்பன் கொப்பியோடு விறாந்தையில் வரிசையில் நின்றது எனக்கே நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு சலூன், வீடியோக் கடை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய் விற்றார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று யுத்தத்தால் ஊரே எழும்பிப் போனது. மறு வருடம் திரும்பி வந்து பார்த்தால் சுவர் நிற்கிறது; கதவு, யன்னல், சின்ன அறையின் வளைகள் ஒன்றும் இல்லை. பனங்குற்றிக்கும் வளைக்கும் அந்த நாளில் பங்கர் வேலை நிறைய இருந்தது. தகரம் போட்டு மூடிக் கொமினிகேஷன் ஒன்றுக்குக் கொடுத்தோம். கண்ணாடி போட்ட பலகைக் கூண்டுக்குள் நின்று ஆட்கள் வெளிநாட்டுக்குக் கதைத்து அழுவார்கள். அந்தக் கடையே நாளடைவில் கைபேசிக் கடையானது.

அண்ணா ரொறன்ரோவில், தங்கச்சி பாரிஸில். "இடிச்சுப்போட்டு மூண்டு மாடி எழுப்புவம், கீழ கடை, மேல ஹோல்" என்பது அண்ணாவின் நெடுநாள் திட்டம். நான் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. 2022 இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது அண்ணாவே ஆறப்போட்டார். எனக்கு வாய்த்த இடைவெளி அதுதான்.

கல்லிலும் மரத்திலும் கை வைக்க முதல், காணி உறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். அம்மம்மாவின் சீதனம் அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எங்கள் மூவருக்கும் பிரிபடாத பங்காக வந்திருந்தது. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துகிற காணியில் ஒரு பங்காளி தன் பங்கை வெளி ஆளுக்கு விற்கப் போனால், மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். வாங்குகிற முதல் உரிமை அவர்களுக்கு. இதற்கென்றே 1947 இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அண்ணாவுக்கு இது தெரியாது; வாட்சப்பில் ஒரு தரகர் நல்ல விலை சொன்னதும் ஆடிப்போயிருந்தார். விற்கும் கதையை நொத்தாரிசு இந்தச் சட்டத்தைச் சொல்லி நிறுத்தினார். பிறகு இருவரும் எனக்கு அற்றோணி, அதாவது தங்கள் சார்பில் செயற்படுகிற அதிகாரப் பத்திரம், தந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும், இங்கே அதைப் பதியவேண்டும். அற்றோணியில் 'திருத்துதல், வாடகைக்குக் கொடுத்தல்' என்று தெளிவாக எழுதுவியுங்கள். பொதுவாக எழுதினால் பிறகு ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

அடுத்தது வீதிக்கோடு. நான் வென்ற இடம் இதுதான். பழைய கடைகள் வீதியை ஒட்டியே நிற்கும். இடித்தால், புதுக் கட்டடத்தை வீதிக்கோட்டுக்கும் (வீதிக்கென்று ஒதுக்கிய எல்லை) கட்டடக்கோட்டுக்கும் (அதைத் தாண்டி வீதிப் பக்கம் கட்டக்கூடாத எல்லை) பின்னால் தள்ளித்தான் கட்டலாம். எங்கள் காணி ஒரு பரப்பும் இல்லை. பரப்பென்றால் 10 பேர்ச்தான். வீதிப் பக்கமும் ஒழுங்கைப் பக்கமும் விட்டுக் கொடுத்த பிறகு மிஞ்சுவதில் மாடிப்படிக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடம் ஒதுக்கினால் கடைக்கு என்ன இருக்கும்? நில அளவையாளரிடம் இரண்டு கோட்டையும் சிவப்பு மையால் படத்தில் போடுவித்து அண்ணாவுக்கு அனுப்பினேன். விறாந்தையின் அருமையைப் பற்றி நான் எழுதிய நீண்ட கடிதங்களை விட அந்தச் சிவப்புக் கோடு நன்றாகப் பேசியது. இருக்கிற சுவரையும் கூரையையும் அதே அளவில் திருத்துவதற்கு அந்தச் சிக்கல் எழவில்லை. ஆனாலும் வேலை தொடங்க முதல் உள்ளூராட்சி சபையில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஓர் அலுவலகத்தில் எங்கள் கோவை அலுமாரிக்கு மேல் கிடந்து தூசி பிடித்தது. கேட்டபோதெல்லாம் "மேலிடத்துக்குப் போய்விட்டது" என்றார்கள். மேலே போனது உண்மைதான், அலுமாரிக்கு மேலே.

தொல்லியல் திணைக்களத்தில் பதிந்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். சட்டப்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்கள்தான் தன்பாட்டில் தொல்சின்னமாகக் கணக்கில் வரும். எங்கள் கடைக்கும் அதற்கும் ஒரு நூற்றாண்டு தூரம். பருத்தித்துறைத் தெருமூடி மடம் போல ஊர் முழுக்க அறிந்த கட்டடம் என்றால் வேறு கதை. சந்திக்கடையைக் காப்பாற்ற உரிமைக்காரனை விட்டால் ஆள் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். கைபேசிக் கடைத் தம்பி நல்ல பிள்ளை, சொன்ன மாதத்தில் எழும்பினார். அவருடைய பெயர்ப் பலகையைக் கழற்றிய பிறகுதான் 'விபவ' என்ற எழுத்தைப் பல வருடத்துக்குப் பின் முழுதாகப் பார்த்தோம். 'ப'வின் ஒரு கொம்பில் இரும்பாணி இறங்கியிருந்தது. பரணில் எலிப்புழுக்கைக்கும் பழைய சாக்குக்கும் கீழே முன்வாசல் பலகைகள் கிடைத்தன. முந்திக் கடைகளுக்கு மடிப்புக் கதவு இல்லை. மேலும் கீழும் காடி வெட்டிய சட்டத்தில் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, குறுக்கே இரும்புப் பட்டம் போட்டுப் பூட்டுவார்கள். வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. அதனால் ஒவ்வொன்றிலும் இலக்கம் உளியால் வெட்டியிருக்கும். எங்களுடையதில் ௧, ௨, ௩ என்று தமிழ் இலக்கம். ஐந்தாவது மட்டும் வேறு மரம், அதில் தாரால் 5 என்று எழுதியிருக்கிறது. எந்தக் காலத்தில் எவர் மாற்றினாரோ, இலக்கத்தை மட்டும் தன் காலத்துக்கு எழுதிவிட்டார். ஓடாவியார் அதைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செய்வோம் என்றார். நான் விடவில்லை. பலகை வைரமாக இருக்கிறது, எதற்குக் கழிக்க?

சுவர்தான் பெரிய வேலை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தில் சீமெந்து இல்லாத பூச்சு மரியாதைக் குறைவாகிப் போனது. எங்கள் கடையிலும் சங்கக்கடைக் காலத்தில் உள்ளே இடுப்புயரத்துக்குச் சீமெந்து பூசி, சிவப்புச் சீமெந்துத் தரையும் போட்டார்கள். தரை இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, தொடவில்லை. சுவரில் பூசியது பிழைத்துப் போனது. நிலத்து ஈரம் கல்லுக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அது வெளியே வந்து காய்ந்துவிடும். சீமெந்து அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, கடைசியில் பூச்சு கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு தகடு தகடாக விழும். வேலைக்கு வந்த மூத்த மேசன் ஐயா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, சுவருக்கும் வேர்க்கும். நீங்கள் றெயின்கோட்டைப் போட்டு விட்டிருக்கிறியள்."

இளம் மேசன்மாருக்குச் சுண்ணாம்பில் பழக்கம் இல்லை; கூலியைக் குறைத்துச் சொல்லி வருவார்கள், இரவோடிரவாகச் சாந்தில் சீமெந்து கலப்பார்கள். சுண்ணாம்பு வேலை செய்த ஒருவரையாவது கூட வைத்திருங்கள். ஐயா சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீற்ற வைத்தார். தண்ணீர் ஊற்றியதும் கொதித்து ஆவி பறந்தது, கிட்டப் போகவே விடவில்லை. அதை வாரக்கணக்கில் மூடி வைத்துப் புளிக்கவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழைத்தார். மணலில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார்! மெல்லிய பூச்சாக ஒன்று, அது இறுகிய பிறகு இன்னொன்று. இடையில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்தார். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அவசரப்பட்டால் வெடிக்கும். மாரியில் இந்த வேலை சரிவராது. நாங்கள் தைப்பொங்கல் கழித்துத் தொடங்கினோம்.

ஒழுங்கைப் பக்கச் சுவரில் செல்பீஸ் (எறிகணைச் சிதறல்) பட்ட குழிகள் இருந்தன. தங்கச்சி அவற்றை அப்படியே விடச் சொன்னாள். மேசன் ஐயா எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னார். தண்ணீர் இறங்கக்கூடியவற்றை அடைத்தோம், மற்றவை இருக்கின்றன.

கூரைக்குப் பனை வளை தேடியதில்தான் அலைச்சல் அதிகம். பனை தறிக்க அனுமதி வேண்டும். தறித்தாலும் இளம்பனை உதவாது. இடிபடுகிற பழைய வீடுகளில் விலைக்கு எடுப்பதே வழி. வாங்கும்போது தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கறையான். சுவருக்குள் இருந்த அரை முழத்தை வெட்டித் தள்ளிவிட்டு நீளத்தைக் கணக்கெடுங்கள், ஏனென்றால் உக்குவது அந்த முனைதான். ஓட்டிலும் அதே கதை. எங்கள் ஓடுகளின் அடியில் பாசல் மிஷன் முத்திரை இருந்தது. 1865 இல் மங்களூரில் ஓட்டாலை தொடங்கியவர்கள். இப்போது விற்கிற ஓடு அந்தக் காடியில் சரியாக உட்காராது. நல்ல ஓடுகளையெல்லாம் வீதிப் பக்கத்துக்குச் சேர்த்துவிட்டு, பின்பக்கத்துக்கு வேறு ஓடு போட்டோம். கலந்து போட்டால் ஒழுகும்.

மின்சார வயரைச் சுவருக்குள் புதைக்கவில்லை, குழாயில் வெளியால் ஓடுகிறது. மலசலகூடம் பின்வளவில் புதிதாகக் கட்டினோம்.

இப்போது பெரிய அறையில் இரண்டு பிள்ளைகள் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி விற்கிறார்கள். சின்ன அறைக்கு ஒரு ரியூசன் சேர் கேட்டார். யோசிக்கிறேன், சைக்கிள்கள் விறாந்தையை அடைத்துவிடும். வாடகை உடன்படிக்கையில் கட்டாயம் எழுதவேண்டியவை: சுவரில் டைல்ஸ் ஒட்டக்கூடாது, எண்ணெய்ப் பெயின்ற் அடிக்கக்கூடாது, சுண்ணாம்பு மட்டும், விறாந்தையைக் கம்பி போட்டு அடைக்கக்கூடாது, பெயர்ப் பலகை முகப்பு எழுத்தை மறைக்கக்கூடாது. பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். பலகைக் கதவுதான் அவர்களுக்குக் கரைச்சல், தினமும் காலையில் எடுத்து அடுக்கவேண்டுமே என்று. அதற்குள்ளே ஒரு மடிப்புக் கதவு போடச் சம்மதித்திருக்கிறேன்.

வருகிற வாடகைக்குச் செலவழித்த காசு திரும்ப வர வருடங்கள் பிடிக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. பீலி போடவேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. அடுத்த மாரிக்கு முதல் முடிக்கவேண்டும். அண்ணாவும் மூன்று மாடியை முழுதாகக் கைவிட்டதாகத் தெரியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓர் எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு வருவாராம். வரட்டும், சிவப்புக் கோடு போட்ட படத்தில் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.