வயித்தால போகுதெண்டு நினைச்சம், மலச்சிக்கலாம்

ரெண்டாம் வகுப்பு படிக்கிற மகன் நாளைக்கு மூண்டு நாலு தரம் ஜட்டியில அழுக்காக்கிக்கொண்டு நிப்பான், கேட்டா "எனக்குத் தெரியேல்ல அம்மா" எண்டுவான், பொய் சொல்றான் எண்டு ரெண்டு தரம் அடிச்சும் போட்டன். வெள்ளவத்தையில ஒரு டிஸ்பென்சரியில வயித்தால போகுதெண்டு காட்டி ஜீவனியும் (உப்புச் சீனிக் கரைசல் பவுடர்) கரைச்சுக் குடுத்தாச்சு.

பிறகு பொரளைக்கு கிளினிக் போனனாங்கள். டொக்டர் என்ட கையைப் பிடிச்சு அவன்ட வயித்தில இடப்பக்கம் வச்சார், கல்லு மாதிரி ஒண்டு தட்டுப்பட்டது. கெட்டியானது அடைச்சு நிக்குது, பக்கத்தால தண்ணியாக் கசியுது, குடல் இழுபட்டதால பிள்ளைக்கு உணர்வே வராது எண்டார். அடிச்ச கையை எங்க ஒளிக்கிறது எண்டு இருந்தது.

மருந்து எழுதினது டொக்டர், மிச்சமெல்லாம் மிஸ்ஸிதான், கிளினிக் நேர்ஸ். என்ட சிங்களம் சந்தைச் சிங்களம், அதால கடுதாசியில படம் கீறிக் காட்டினா: நிரம்பின குடல் சலப்பையை (மூத்திரப்பையை) நெரிக்குது, அதுதான் இரவில மட்டுமில்லாம பகலிலயும் சலம் போய் நனையுது. வீட்டில சலத்தைக் கப்பில அளந்து எழுதச் சொன்னா. வயசோட ஒண்டைக் கூட்டி 30ஆல பெருக்கினா சலப்பை கொள்ளுற மில்லிலீற்றர் கிட்டத்தட்ட வருமாம், 7 வயசுக்கு 240, இவன் போறது 80, 90.

முதல் கிழமை மலத்தை இளக்கிற மக்ரோகோல் பவுடரைக் கூட்டிக் கூட்டிக் குடுத்து அடைப்பை இறக்கினது, அந்தக் கிழமையைப் பற்றி எழுதாம விடுறன், எங்கட பிளட்டில எல்லாருக்கும் தெரியும். பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் டொய்லெட்டில அஞ்சு பத்து நிமிசம் இருக்கோணும், கால் தொங்கப்படாது, முழங்கால் இடுப்பை விட உயர நிக்கோணும். நாங்கள் ரெண்டு பால்மா பேணியைக் கவுட்டு வச்சம். பலூன் ஊதச் சொன்னா, ஊதேக்க வயிறு தானா முக்குமாம். பள்ளிக்கூட டொய்லெட் நாத்தத்துக்குப் பயந்து அடக்கி அடக்கித்தான் இது தொடங்கினது எண்டு பலூனோட இருக்கேக்கதான் வாய் திறந்தவன்.

ரெண்டு மாசத்தில சரியெண்டு நானே மருந்தை நிப்பாட்டினன், மூண்டு கிழமையில பழைய கதை. மிஸ்ஸி ஏசேல்ல, இழுபட்ட குடல் சுருங்க மாசக்கணக்காகும், "ஹெமிங் ஹெமிங்", மெல்ல மெல்ல, எண்டா.

இப்ப எட்டு மாசம். பகலில நனையுறது நிண்டிட்டுது, இரவு இன்னும் இருக்கு, அதுக்கு அவசரமில்லையாம், முதல் வயிறு, பிறகு பகல், கடைசியாத்தான் இரவு. போன கிழமை கப்பில 200, அவனே கொப்பியில எழுதிப்போட்டு பக்கத்தில பலூனும் கீறி வச்சிருக்கிறான்.