தானியங்கி அணுக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு: நான் சறுக்கிய இடங்கள்

விக்கி அகராதியான விக்சனரியில் தானியங்கி அணுக்கம் (நிரல் வழியாகத் தானாகத் தொகுக்கும் கணக்குக்குத் தரும் அனுமதி) கேட்டு நான் போட்ட முதல் விண்ணப்பம் மூன்றே சொற்களால் விழுந்தது: "பல்வேறு பராமரிப்பு வேலைகள்". அணுக்கத்தை ஆளுக்கென்று தருவதில்லை, வேலைக்கென்றுதான் தருகிறார்கள். இரண்டாம் முறை, எந்தப் பகுப்பு, எந்தப் பழைய வார்ப்புருவுக்கு (பல பக்கங்களில் பயன்படும் அச்சு) பதில் எது, தோராயமாக எத்தனை பக்கம், எதைத் தொடாது என்று நாலு வரி எழுதினேன். பேச்சு நகர்ந்தது.

பெயரில் 'பாட்' (தானியங்கி) வரும் தனிக்கணக்கு, இயக்குபவர் யாரென்ற குறிப்பு, விக்கியைத் தானாகத் தொகுக்க உதவும் பைவிக்கிபாட் நிரலின் நிறுவல் எல்லாம் ஒரு மாலை வேலை. சொற்பட்டியலை ஏற்றுவதாக இருந்தால் அதன் உரிமத்தை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முதல் கேள்வியே அதுதான் வரும்.

சோதனைக்கு 50 தொகுப்பு கேட்டார்கள். அணுக்கம் இல்லாத கணக்கு நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் தொகுக்கக் கூடாது, கிடைத்த பிறகு 5 நொடிக்கு ஒன்று என்பது மேல்-விக்கியின் (எல்லா விக்கிகளுக்குமான ஒருங்கிணைப்புத் தளம்) பொதுக் கொள்கை. பைவிக்கிபாட்டின் இயல்பான இடைவெளியோ 10 நொடி. அமைப்புக் கோப்பில் இந்த இடைவெளியைக் குறிக்கும் 'புட் திராட்டில்' வரியை 60 ஆக்க மறந்தேன். அண்மைய மாற்றங்கள் பக்கம் முழுக்க என் தானியங்கிதான். ஒரு நிர்வாகி தடை போட்டுவிட்டார். எரிச்சலாக இருந்தாலும் நியாயம் அவர் பக்கம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. நான் ஏற்றிய சொற்பட்டியலில் 'கௌரவம்' என்ற சொல்லைக் கொம்புக்குப் பின் ளகரம் தட்டி 'கெளரவம்' என்று அடித்திருந்தார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கணினிக்கு வேறு வேறு. இருக்கும் தலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பக்கம் முளைத்தது. கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளே சேர்த்து ஒகரக் குறியாக்கிவிடும். இதைச் சேர்க்காது, ஏனென்றால் ளகரம் முழு எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'தெளிவு' சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். விக்கிப்பீடியா நிரலை அப்படியே கொண்டுவருபவர்கள் ஆங்கிலத் தலைச்சொல்லிலும் மாட்டுவார்கள். அங்கே முதலெழுத்து தானாகப் பெரிதாகும், இங்கே ஆகாது. பளபளப்பாக்கும் 'பாலிஷ்' சிறிய எழுத்தில், போலந்துக்காரர்களின் 'போலிஷ்' பெரிய எழுத்தில், இரண்டும் தனிப் பக்கங்கள்.

நிர்வாகிக்கு விண்ணப்பமே வேண்டாம் என்று ஒரு வாதம் எழும். ஏற்க முடியவில்லை: பக்கத்தை நீக்கத் தெரிவது வேறு, நிரலைச் சோதிக்கத் தெரிவது வேறு. மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சேமிக்கச் சொல்லும் ஆட்டோவிக்கிபிரவுசர் கருவியில் படிக்காமலே 300 முறை 'சேமி' அழுத்துபவரும் என் கணக்கில் தானியங்கிதான்.

கடைசியில், விக்கியில் இந்த உரிமையை வழங்கும் அதிகாரி அணுக்கம் தந்தார். (உள்ளூரில் அதிகாரி இல்லாவிட்டால் மேல்-விக்கியில், எல்லா விக்கிகளுக்கும் உரிமை தரக்கூடிய மேலாளர்களிடம் கேட்க வேண்டும்.) அணுக்கம் வந்தால் தொகுப்புகள் அண்மைய மாற்றங்களில் இயல்பாகத் தெரியக் கூடாது. ஆனாலும் அங்கே கொட்டிக்கொண்டே இருந்தன. காரணம் பாட் கடவுச்சொல், அதாவது நிரல் உள்நுழைய எடுக்கும் தனிக் கடவுச்சொல். அதை எடுக்கும்போது பத்திரத்துக்காகத் தொகுக்கும் உரிமையை மட்டும் டிக் செய்திருந்தேன். அதிக அளவில் தொகுக்க அனுமதிக்கும் பெட்டியையும் டிக் செய்தால்தான் அந்தக் கடவுச்சொல் வழியாக அணுக்கம் வேலை செய்யும். சொந்த நிரல் எழுதுபவர்கள் ஏபிஐ (நிரல்கள் விக்கியோடு பேசும் வழி) கோரிக்கையில் 'பாட்' அளபுருவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். பைவிக்கிபாட் அதைத் தானே செய்துகொள்ளும்.