டர்போவில் புகை: கோரை மாற்றச் சொன்னால் முதலில் அளவெடுங்கள்

என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ. கம்பெனி டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) எடுத்துவிட்டுப் பெரிய டர்போ மாட்டிய நிலையில்தான் அது என் கைக்கு வந்தது. உடன் வந்த ரசீதில் ‘காரெட் ஜிடி2860ஆர்எஸ், பால் பேரிங்’ என்று இருந்தது. சிக்னலில் சற்று நேரம் நின்று கிளம்பும்போதெல்லாம் நீலப்புகை எழத் தொடங்கியதும், தண்டையார்பேட்டையிலிருந்து நகரின் மறுகோடிக்கு, இத்தகைய கார்களுக்கென்றே பெயர்பெற்ற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். காரை லிஃப்டில் ஏற்றிக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு வந்துவிட்டது: டர்போ சீல் போய்விட்டது, கோரை, அதாவது ஷாஃப்ட், சக்கரங்கள், பேரிங் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதியை மாற்ற வேண்டும், அதுவரை ஆயில் வரும் பைப்பில் இன்னும் சிறிய துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரத்தைக் குறைக்கும் தடுப்பு) போட்டால் புகை குறையும்.

அந்த இரண்டாவது யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் அது. அதைத் தாங்குவது ஆயில்தான். டர்போவின் சீல் என்பது பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையமே தவிர ரப்பர் சீல் அன்று. இருபுறமும் உள்ள காற்றழுத்தமும், ஆயில் தடையின்றிக் கீழே இறங்குவதும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கின்றன. ஆகவே புகை வந்தால், வரும் ஆயிலைக் குறைப்பதற்கு முன், வந்த ஆயில் இறங்கிப் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரசீதில் இருந்த பெயரை மட்டும் வைத்துப் பட்டறையே பால் பேரிங் கோரை வரவழைத்தது. முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பொருத்தும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. புதிய கோரின் கம்ப்ரசர் சக்கரம் (காற்றை இழுத்து அழுத்தும் சக்கரம்) என் டர்போவின் ஹவுசிங்குக்குள், அதாவது வெளிக்கூட்டுக்குள், நுழையவே இல்லை. பிரித்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்று விற்பனையாளர் கைவிரிக்க, பட்டறை அதையே எனக்குச் சொல்லி, பிரித்துப் போட்ட பாகங்களை அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தது. அந்தப் பணம் இன்று வரை வரவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு மூலக்கடைப் பக்கம், ஜி.என்.டி. சாலையில் லாரி டர்போ வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். லேலண்ட் டர்போக்களுக்கு நடுவில் என்னுடையதை வைத்துவிட்டு, “பேரை விடுங்க தம்பி, அளவு என்ன சொல்லுதுன்னு பாப்போம்” என்று வெர்னியரை எடுத்தார். அசல் ஜிடி2860ஆர்எஸ்ஸில் கம்ப்ரசர் சக்கரத்தின் காற்று நுழையும் பக்கம் 47.2 மி.மீ., வெளியேறும் பக்கம் 60.1 மி.மீ. சிறிய அளவின் வர்க்கத்தைப் பெரிய அளவின் வர்க்கத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது டிரிம். அசலுக்கு அது 62. என்னுடையது 42 மி.மீ., 60 மி.மீ.; டிரிம் 49. எக்ஸாஸ்ட் ஹவுசிங்கில் 0.64 என்று வார்ப்பிலேயே இருந்த ஏ/ஆர் எண் அசலோடு பொருந்தியதால்தான் இத்தனை காலம் யாருக்கும் ஐயம் எழவில்லை. அந்த எண் ஹவுசிங்கின் வடிவத்தை மட்டுமே சொல்லும். உள்ளே சுழலும் சக்கரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காரெட் டர்போவில் ஆறு இலக்கம், ஒரு சிறுகோடு, அதன்பின் சில இலக்கங்கள் எனப் பாக எண் பொறித்த தகடு இருக்கும். இதில் தகடும் இல்லை, தகடு அடித்திருந்ததற்கான துளையும் இல்லை.

பேரிங்கும் பால் பேரிங் அன்று. குண்டுகள் இல்லாமல், ஆயில் படலத்தின் மேல் ஷாஃப்டைத் தாங்கும் வளையங்கள் கொண்ட சாதாரண புஷ் வகை. புஷ் வகையில் ஆயில் இல்லாதபோது ஷாஃப்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் ஆட்டம் தெரியும். புதியதிலும் அப்படித்தான், அதைப் பார்த்துவிட்டு ‘டர்போ போச்சு’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருப்பதும், சக்கரம் ஹவுசிங்கில் உரசிய கீறல் இருப்பதும்தான் ஆபத்து. என்னுடையதில் இரண்டும் இல்லை. ஆனால் ஆயில் பைப்பின் போல்ட்டுக்குள் பால் பேரிங்குக்கான, சுமார் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருந்தது. புஷ்கள் போதிய ஆயில் கிடைக்காமல் சூடேறி நீலம் பாய்ந்திருந்தன. அதைவிடச் சிறிய துளை போட்டிருந்தால் ஷாஃப்டே மிஞ்சியிருக்காது.

புகைக்கான காரணம் டர்போவுக்கு வெளியே இருந்தது. ஆயில் இறங்கும் ஹோஸ் குறைந்தது அரை அங்குல உள்விட்டத்தோடு, நேராகக் கீழிறங்கி, சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேல் சேர வேண்டும். என் காரில் அது ஒரு வளைவில் மடங்கி, உட்புறம் ஏறக்குறைய ஒட்டிப்போயிருந்தது. அது போதாதென்று, கிராங்க்கேஸ் (இன்ஜினின் கீழ்ப்பகுதி) வாயு வெளியேறும் வழியிலுள்ள ஒருவழி வால்வை அவர் வாயால் ஊதிக் காட்டினார். இருபுறமும் காற்று போயிற்று. பூஸ்ட் (டர்போ உண்டாக்கும் காற்றழுத்தம்) ஏறும்போது அந்த அழுத்தம் சம்ப்புக்குள் புகுந்து, இறங்க வேண்டிய ஆயிலை மேலேயே நிறுத்தியிருக்கிறது. இந்த 1.8 இன்ஜினில் அந்த வால்வு கெடுவது புதிதன்று. விலையும் கோரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

புதிய புஷ், த்ரஸ்ட் பேரிங் (ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தைத் தடுப்பது), பேலன்சிங், ஹோஸ், வால்வு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. ரெஸ்ட்ரிக்டரை எடுத்தாயிற்று. பூஸ்ட் சற்றுக் குறைவாக இருந்ததால், காற்று நுழையும் வாயை அடைத்து, பட்டறையின் ஏர் கம்ப்ரசரால் 15 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். இணைப்பு எதிலும் நுரை வரவில்லை. டைவர்ட்டர் வால்வு (ஆக்சிலேட்டரை விடும்போது மிஞ்சும் காற்றைத் திருப்பிவிடுவது) பக்கம் மட்டும் சீறல் கேட்டது. கழற்றிப் பார்த்தால் அதன் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருந்தது. மாற்றியபின் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன்; பூஸ்ட் நின்று பிடித்தது, புகை இல்லை.

மாட்டியவுடன் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, சம்ப் பக்கம் இன்னும் மாட்டாத இறங்கும் ஹோஸ் வழியே ஆயில் வரும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றுங்கள். அதன்பின் ஹோஸை மாட்டி, சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு, கசிவு இல்லையென்று பார்த்த பிறகே ஆக்சிலேட்டரில் கால் வையுங்கள்.