ஃபாரின் இன்டர்ன்ஷிப்பா? மொதல்ல மூணு கையெழுத்து இருக்கான்னு பாருங்க

மைனி ஒருத்தவ போன் பண்ணி கேட்டாவ, மவன் விஸ்காம் படிக்கான், ஒரு ஏஜென்ட் ஆபீஸ்காரன் துபாய்ல ஸ்போர்ட்ஸ் சேனல்ல மூணு மாசம் இன்டர்ன்ஷிப், ஒண்ணரை லட்சம் கெட்டணும்னு சொல்லுகான், கெட்டலாமா மக்கான்னு. எந்த சேனல்? பேரு சொல்லலையாம். என்ன விசா? விசிட் விசாவாம். பொறவு கேக்கதுக்கு என்ன இருக்கு, விசிட் விசாவுல வேலை பாக்கது யுஏஇ-ல சட்டப்படி தப்பு, மாட்டுனா மாட்டுகது பயலாக்கும்.

நம்ம குமரி மாவட்டத்துல வெளிநாடுன்னாலே கல்ஃப், கல்ஃப்னாலே சம்பளம். படிக்கும்போதே கொஞ்ச நாள் போயி வேலையப் பாத்து பழகிட்டு திரும்பி வந்து கோர்ஸ முடிக்கதுங்கது நமக்குப் பழக்கமே இல்ல, அதான் எவன் வந்து என்ன சொன்னாலும் நம்புகோம். ஐரோப்பால 1995-லயே லியோனார்டோ டா வின்சின்னு ஒரு திட்டம் தொழிற்கல்விக்குன்னே தொடங்குனாங்க, 2014-ல அத எராஸ்மஸ் பிளஸ்குள்ள, அதாவது பிள்ளைய வேற நாட்டுல போயி படிக்கவும் வேல பழகவும் உதவுக ஐரோப்பியத் திட்டத்துக்குள்ள, சேத்துட்டாங்க. இப்ப அதுல போயி வேல பழகுகது 10 நாள்லேந்து 89 நாள் வரைக்கும் ஷார்ட், 90 நாள்லேந்து ஒரு வருசம் வரைக்கும் லாங். பிரிட்டன்காரன் அதுலேந்து வெளிய வந்ததும் 2021-ல ட்யூரிங் ஸ்கீம்னு சொந்தமா ஒண்ணு போட்டான்.

இந்த எராஸ்மஸ்ல எனக்குப் பிடிச்சது பயணச் செலவுக்கும் தங்குகதுக்கும் கிராண்ட் வருகதும், போகுமுன்னயே ஒரு அக்ரிமென்ட் போடுகதும்தான். என்ன படிக்கப் போறான், யாரு பாத்துப்பா, இன்சூரன்ஸ் யாரு பொறுப்பு, எல்லாம் அதுல வரும். படிக்க பிள்ள, அனுப்புக காலேஜ், எடுத்துக்கிட கம்பெனி, மூணு பேரும் கையெழுத்து போடணும். மைனிக்கு வந்த ஆஃபர்ல ஆபீஸ்காரன் ரசீது புக்கு மட்டுந்தான் இருக்கு.

அந்தக் கிராண்ட் நம்ம காலேஜ் பிள்ளைகளுக்கு நேரா வராது, ஆனா அந்த மூணு கையெழுத்த நாமளும் கேக்கலாம்லா. இன்னொண்ணு, பத்தாங்கிளாஸ் பாஸானவன் பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர், அதாவது வேலைக்குப் போக அரசு அனுமதி தேவையில்லாத வகை, அதனால கல்ஃப் வேலைக்குப் போனாலும் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒருத்தனும் தடுத்து நிறுத்தி பேப்பரப் பாக்க மாட்டான்னும் அர்த்தம். ஏஜென்ட் பதிவு இருக்கானு மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல நீங்களே பாருங்க, வேலைக்கு அனுப்புகதுக்கு அவன் வாங்குக சர்வீஸ் சார்ஜுக்கு 30,000 ரூவாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. சென்னைல வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புக தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனே 1978-லேந்து இருக்கு, அங்கயும் ஒரு வார்த்த கேக்கலாம்.

சரி, ஒழுங்கா போனா அப்படி என்ன கத்துக்கிட முடியும்? கேமரா ஓட்டவோ பந்து தட்டவோ இல்ல, அது நம்ம பயலுவளுக்கு ஏற்கனவே தெரியும். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறைன்னு கடற்கரை பூரா ஃபுட்பால், மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைலேந்து தான் இந்தியா டீம் வரைக்கும் போனாரு. நம்ம கிட்ட இல்லாதது அந்த பேப்பர் வேல. கோச்சிங் படிக்கவன் அன்னைக்கு என்ன பயிற்சின்னு செஷன் பிளான எழுதிட்டு தான் கிரவுண்டுக்குள்ள கால வைக்கணும், மீடியா படிக்கவன் ஷூட்டுக்கு முன்ன யாரு எப்ப எங்க வரணும்னு கால் ஷீட், என்ன ஆபத்து வரலாம்னு ரிஸ்க் அசெஸ்மென்ட், ஷூட் முடிஞ்சதும் மெமரி கார்ட ரெண்டு இடத்துல காப்பி பண்ணி எந்த கிளிப்ல யாருன்னு எழுதி வைக்கணும். பதினெட்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளையள படம் புடிக்கணும்னா அப்பா அம்மாட்ட எழுதி வாங்கணும், ஸ்போர்ட்ஸ்காரனுக்கும் மீடியாக்காரனுக்கும் இது பொது. இஞ்ச நான் டோர்னமென்ட் லைவ் போடும்போது கமிட்டிக்காரங்கள்ட்ட கேப்பேன், "ஏம்ல, அதுக்கெல்லாமா கேக்க?"ன்னு சிரிப்பாவ. நாளைக்கு ஏதாவது ஒரு தாய் அந்த வீடியோவ எடுத்து மாத்துன்னு வந்து நின்னா அப்ப என்ன செய்ய?

மைனிட்ட காச கெட்டாதிய, மொதல்ல காலேஜ்ல பிளேஸ்மென்ட் பாக்குக சார்ட்ட அந்த கம்பெனி பேர எழுதி வாங்கச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு எடையில சும்மா இருக்காண்டாம், அடுத்த டோர்னமென்ட்டுக்கு மவன நம்ம யூனிட்டுக்கு விடுங்க, கூட ஃபிசிக்கல் எஜுகேஷன் படிக்க பயலும் ஒருத்தன் வந்தா நல்லது, கால் ஷீட்டும் கன்சென்ட் பேப்பரும் அவனுவளே தயார் பண்ணட்டும், சாப்பாடும் பஸ் காசும் என் செலவு.