சென்னை சர்வர், காரைக்குடி லேப்டாப்

பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் பக்கங்களை உரையாக மாற்றித் திருத்துவது என் வேலை. டிஃப் படங்கள் மட்டுமே 400 ஜிபிக்கு மேல். எல்லாம் சென்னையில் ஒரு சர்வரில் இருக்கின்றன. நான் காரைக்குடியில், 256 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்போடு. முதல் இரண்டு மாதம் 50, 60 பக்கமாக இறக்கி, திருத்தி, திரும்ப ஏற்றினேன். ஒரே பக்கத்துக்கு மூன்று பிரதிகள் சேர்ந்துவிடும். எது கடைசியாகத் திருத்தியது என்று தேடியே பாதி நாள் போகும்.

"எஸ்எஸ்எச் லாகின் இருக்குல்ல? அப்போ எஸ்எஸ்எச்எஃப்எஸ் போட்டுப் பாருங்க" என்றார் உடன் வேலை பார்க்கும் நண்பர். எஸ்எஸ்எச் என்பது தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. அதன் வழியே சர்வரின் ஃபோல்டரை நம் கணினியிலேயே இருப்பதுபோல் காட்டும் நிரல்தான் எஸ்எஸ்எச்எஃப்எஸ். சர்வரில் புதிதாக எதையும் நிறுவவில்லை. என் பக்கம் ஒரு பேக்கேஜ், ஒரு காலி ஃபோல்டர், ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். ஃபோல்டரைத் திறந்தால் சர்வரில் உள்ள அத்தனை பக்கமும் வரிசையாக நிற்கிறது. படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசராக்ட் நிரல் எப்போதும்போல் படத்தை எடுத்துப் படித்தது. படம் திருத்தும் நிரலான ஜிம்ப்பில் ஒரு பக்கத்தின் கறையை நீக்கிச் சேமித்தேன். சர்வரில் போய்ப் பார்த்தால் அங்கேயே மாறியிருந்தது. அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

எந்த நிரலும் கோப்பைத் திற, படி என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம்தான் கேட்கிறது. அந்தக் கோரிக்கையை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ஒரு சாதாரண நிரலிடம் கொடுக்கும் வசதிதான் ஃப்யூஸ். லினக்ஸ் கெர்னலில் அது 2005-இல், 2.6.14 பதிப்போடு சேர்ந்தது. எஸ்எஸ்எச்எஃப்எஸ் அந்தக் கோரிக்கையை எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாகச் சர்வருக்கு அனுப்பி, வந்த பைட்டுகளைத் திருப்பித் தருகிறது. இரண்டையும் எழுதியவர் மிக்லோஷ் செரெடி. ஜிம்ப்பில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் தூரம் தூரம்தான். ஃபைல் மேனேஜர் சிறுபடம் காட்டுவதற்காக ஒவ்வொரு டிஃப்பையும் முழுதாக இழுத்து, இணைப்பை அடைத்துவிட்டது. அந்த வசதியை அணைத்தேன். எல்லாக் கோப்பிலும் ஒரு சொல்லைத் தேடுவதென்றால் இப்போதெல்லாம் சர்வருக்குள் நுழைந்து அங்கேயே தேடுகிறேன்.

ஒருநாள் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தது. கட்டளை அடிக்கும் டெர்மினல் அப்படியே உறைந்துவிட்டது, கன்ட்ரோல்-சி எடுபடவில்லை. வேறொரு டெர்மினலில், இணைப்பைக் கழற்றும் 'ஃப்யூசர்மவுண்ட் -யுஇசட்' கட்டளையை அடித்த பிறகே விடுபட்டது. அதன்பின் 'ரீகனெக்ட்' விருப்பத்தோடு, 15 நொடிக்கு ஒருமுறை சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கவும் வைத்தேன். மூன்று முறை பதில் வராவிட்டால் பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக இணைகிறது.

இனி சொல்வதைப் புதிதாக இறங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டதாக நினைத்து, அந்த ஃபோல்டரை 'ஆர்எம் -ஆர்எஃப்' (உள்ளே இருப்பதையும் சேர்த்து, கேட்காமலே நீக்கும் கட்டளை) கொடுத்து நீக்கினேன். காலி ஃபோல்டர்தானே, உடனே முடிய வேண்டிய கட்டளை முடியவில்லை. சட்டென்று நிறுத்தினேன், அதற்குள் சர்வரில் 17 பக்கங்கள் போய்விட்டன. இணைப்பு இருக்கும்போது ஃபோல்டரை நீக்கினாலும் சர்வரில் இருப்பதைத்தான் நீக்குகிறோம். பேக்கப் இருந்ததால் மறுநாள் 17-ம் திரும்பி வந்தன. இப்போது 'ஆர்எம்டிர்' மட்டுமே பயன்படுத்துகிறேன். உள்ளே ஏதாவது இருந்தாலோ இணைப்பு இருந்தாலோ அது நீக்க மறுத்துவிடும். மெய்ப்பு மட்டும் பார்க்கும் நாட்களில் 'ஆர்ஓ' கொடுத்து, படிக்க மட்டும் அனுமதியோடு இணைக்கிறேன்.