மூவாயிரத்து அறுநூறு ரூபாய்

ஏப்ரல் 16, 2025, புதன்

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் மண்டபம் கரையில் அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கடற்பாசி எடுக்கும் எங்கள் ஊர்ப் பெண்களும் இந்நாட்களில் கடலில் இறங்குவதில்லை என்று தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கை ஓய்ந்திருக்கும் இந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய குழுவின் ஆண்டுக் கணக்கை முடிப்பது வழக்கம். இம்முறை பேரேட்டின்படி இருக்க வேண்டிய தொகையைவிடத் தகரப் பெட்டியில் 3,600 ரூபாய் குறைவாக இருந்தது.

இரவு எட்டு மணிக்குத் தலைவியும் இன்னும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவள்மேல் சந்தேகம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல், சொல்லாமல் விட்டதே சொன்னதாகும்படி பேசினார்கள். “ஐயா, நீங்க ஒரு தரம் பார்த்துச் சொல்லிட்டா ஊரு ஒத்துக்கும்” என்றார் தலைவி. வியாபாரி தரும் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பேரேட்டை எழுதிக் கொடுப்பவனே நான்தான். எழுதியவனையே சரிபார்க்கச் சொல்வது முறையல்ல என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்று பெரிய வெள்ளி. ஊரில் பாதிப்பேர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சாவி வைத்திருக்கும் அந்தப் பெண் சீட்டுக்கட்டோடு வந்தாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு, கழுத்தளவு நீரில் மூழ்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிப்பவள். துணி சுற்றியும் அவளுடைய வலது ஆள்காட்டி விரலின் தோல் வெடித்து, நகத்தின் ஓரம் வெளுத்துப் போயிருக்கிறது. அந்த விரலால் எச்சில் தொட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள்.

அவளுக்கு ஊரில் நல்ல பேர் இல்லை. எடையில் கை வைத்த வியாபாரியைக் கரையிலேயே நிறுத்தி வைத்துத் திட்டியவள், கணவனை வீட்டைவிட்டு அனுப்பியவள், பெரியவர் சிறியவர் என்று பாராதவள் என்பது அவள்மேல் உள்ள குற்றப்பட்டியல். இவற்றில் எதுவும் திருட்டு அல்ல என்றாலும், ஒரு தொகை காணாமற்போனதும் பட்டியல் முழுவதும் தானாகவே திருட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது.

எழுந்து போகும்போது, “வாயி நீளந்தான் மாமா எனக்கு. கை நீளமில்ல” என்றாள்.

ஏப்ரல் 19, சனி

கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரிந்த ஒரு சூத்திரம் உண்டு. வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று பொருள். 3,600 ஒன்பதால் வகுபடும். இதை முதல்நாள் இரவே, அந்த மூவர் எதிரிலேயே நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததற்குக் காரணம், அந்தப் பேரேட்டின் எழுத்து என்னுடையது என்பதுதான்.

நவம்பர் மாதப் பக்கத்தில் அகப்பட்டது. வியாபாரியின் சீட்டில் 4,800. என் பேரேட்டில் 8,400. குழுவுக்கு வராத பணத்தை வந்ததாக எழுதி, அதைப் பெட்டியில் தேட வைத்திருக்கிறேன். சிவப்பு மையால் கோடிட்டு, சரியான தொகையை மேலே எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக நாற்பது ஆண்டுகள் இருந்தவனுக்கு இது மூச்சு விடுவதுபோல.

மணி பதினொன்று. காலையில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவி ஊரில் இல்லை. நேற்று எனக்கு உடம்பு சரியில்லை; உண்மையிலேயே சரியில்லை, ஆனால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாத அளவுக்கு அல்ல. இன்று காரணமே இல்லை.

அதற்குப் பதிலாகப் பழைய சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில், குணம் பற்றிய பிரிவுகளின் கடைசியில், 55-ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு: குணம் என்ற சொல் ஒருவரைப் பற்றி ஊரில் நிலவும் மதிப்பையும் அவருடைய இயல்பையும் சேர்த்தே குறிக்கும் என்கிறது அது. சென்ற ஆண்டு ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதீனியம் வந்துவிட்டது; என் அலமாரியில் மட்டும் பழையது இன்னும் அமலில் இருக்கிறது. மதிப்பும் இயல்பும் வெவ்வேறு என்று அந்தப் பழைய சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, தெரியாவிட்டால் இரண்டு சொல் எதற்கு? ஆனாலும் பொதுவான மதிப்பையும் பொதுவான இயல்பையும் பற்றித்தான் சாட்சி சொல்லலாம். இன்ன நாளில் இன்ன செயலைச் செய்தான் என்று குணத்துக்குச் சான்றாகத் தனிச் செயல்களை அடுக்குவதற்குப் பொதுவாக இடமில்லை. அதற்கு முந்தைய பிரிவு இதைவிடப் பெரியது: குற்றம் சாட்டப்பட்டவர் தம்முடைய நற்குணத்துக்குத் தாமே சாட்சி வைத்தாலன்றி, அவருடைய கெட்ட குணத்தை அவருக்கு எதிராகக் கொண்டுவர முடியாது. நீதிமன்றம் கேட்க மறுக்கும் வாதம் எங்கள் ஊர்க் கரையில் ஆறு நாட்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தக்கூடிய ஒரே சாட்சி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சட்டம் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 24, வியாழன்

கீழக்கரையில் ஒரு திருமணம். போகும் வழியெல்லாம் சீதக்காதி வள்ளலைப் பற்றியே நினைப்பு. செத்தும் கொடுத்தான் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரை சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் வீட்டில் வேலைக்காரரிடம் எப்படிப் பேசினார், கணக்குப்பிள்ளையின் பிழையை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை. கொடை மட்டும் நின்றுவிட்டது. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவருடைய செயல்களில் ஊர் கண்ணில் படும் ஒன்றோ இரண்டோ பேராக உறைந்துவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

என் பேரும் அப்படி உறைந்ததுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர் நீதிமன்ற வளாகத்தில் விட்டுச் சென்ற பணப்பையைத் தேடிப்போய்க் கொடுத்தேன். அன்றுமுதல் நான் கை சுத்தமான மனிதன். அந்தப் பையை நான் எடுத்தபோது எதிரே தேநீர்க் கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதை ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் பார்க்காமல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். இந்த வாரம் அந்த வழக்கம் சற்று ஆட்டம் கண்டிருக்கிறது.

திருக்குறளில் ஒழுக்கமுடைமை 14-ஆவது அதிகாரம், புகழ் 24-ஆவது. இடையில் ஒன்பது அதிகாரங்கள். இல்லறவியலே புகழோடுதான் முடிகிறது. படித்த காலத்தில் இதை வரிசை எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்தேன். பேச்சுத் தமிழும் இரண்டையும் கலப்பதில்லை: பேர் எடுக்கலாம், வாங்கலாம், கெடுக்கலாம், காப்பாற்றலாம், குணத்தை யாரும் வாங்குவதில்லை, அது ‘காட்டிவிடுகிறது’. ஐந்து நாட்களாக நான் காப்பாற்றிக்கொண்டிருப்பது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அவளைவிட்டு நகர்ந்து நின்றார்கள். நான் மறுபக்கமாக இறங்கி நடந்தேன்.

ஏப்ரல் 26, சனி

மாலை குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நாளை அமாவாசை, எல்லாரும் வந்திருந்தார்கள். சீட்டையும் பேரேட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, தவறு என்னுடையது, பெட்டியில் ஒரு ரூபாயும் குறையவில்லை, அந்தப் பெண்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று மூன்று முறை சொன்னேன். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். “நேற்று ராத்திரி” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் முந்திக்கொண்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவி கண் கலங்க எழுந்து, “தன் தப்பைத் தானே சபையில ஒத்துக்கிறதுக்கு எத்தனை பேருக்கு மனசு வரும்?” என்றார். பெண்கள் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அவள் தட்டினாளா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மே 2, வெள்ளி

ஒரு வாரத்தில் இரண்டு நடந்தன. கும்பாபிஷேக வசூல் பணத்தை என்னிடம் வைத்திருக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் நால்வர் வந்து கேட்டார்கள். முதுமையைச் சொல்லி மறுத்தேன், அதுவும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. குழுவின் பெட்டிச் சாவி, எதற்கும் இருக்கட்டுமே என்று, வேறொருத்தியிடம் மாறியது. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகும் “அவ வாய்க்கு இது வேணும்” என்று குழாயடியில் சொன்னதை என் மனைவி கேட்டு வந்தாள்.

இன்று மாலை, தன்னிடம் மீதமிருந்த சீட்டுகளை ஒப்படைக்க அவள் வந்தாள். பேரேட்டைக் கேட்டாள், கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நவம்பர் பக்கத்தைத் திருப்பி, அந்த வெடித்த விரலைத் தொகையின்மேல் வைத்து, சிவப்புக் கோட்டின் வழியாக ஓரத்துக்குக் கொண்டுபோனாள். சுருக்கொப்பத்துக்குக் கீழே 19-4 என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. உதடுகள் அசைந்தன, நாட்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

பேரேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினாள்.

“எழுத்து நல்லாத் தெளிவா இருக்கு மாமா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.