ரூட்டை என்விஎம்இ-க்கு மாற்றினேன், சர்வர் எழவில்லை

எங்கள் ஸ்டோரேஜ் சர்வரின் ரூட் வால்யூம் (ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் பகுதி) இப்போது என்விஎம்இ-யில் (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் சப்போர்ட்டில் இருந்தவர் "ரூட் போயிடுச்சு சார், ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்க" என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

சர்வரில் ராக்கி லினக்ஸ் 8, ரூட் எல்விஎம்-இல் (டிஸ்குகளைச் சேர்த்து வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி). பழைய எஸ்ஏஎஸ் (சர்வர்களில் வரும் ஒரு இணைப்பு வகை) டிஸ்க் பிழை காட்டத் தொடங்கியதால் இந்த மாற்றம். புது டிஸ்கைச் சேர்க்கும் விஜிஎக்ஸ்டெண்ட், டேட்டாவை அதற்கு நகர்த்தும் பிவிமூவ், பழையதை விலக்கும் விஜிரெட்யூஸ் எல்லாம் சர்வர் ஓடும்போதே முடிந்தன. பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன்களையும் நகலெடுத்து, எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) அவற்றின் புது அடையாள எண்ணான யூயூஐடி போட்டு, பூட்லோடரான கிரப்பையும் சரிசெய்தாயிற்று. பழைய டிஸ்கைக் கழற்றச் சொல்லிவிட்டு ரீபூட் கொடுத்தால், பிங் வரவே இல்லை.

ரிமோட் கன்சோலுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து ஒயிட்ஃபீல்டு டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. கேட்டில், பாஸில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் இல்லையாம். காவலரிடம் "ஆகல்ல சார்" (கன்னடத்தில் 'முடியாது') என்பதற்கு மேல் பதிலே இல்லை. மேனேஜர் மெயிலில் அப்ரூவ் செய்யும்வரை வாசலில்தான் நின்றேன். போகிறவர்கள் சீரியல் நம்பரை முதலிலேயே பாஸில் ஏற்றிவிடுங்கள்.

உள்ளே போனால், திரையில் டிராகட் எமர்ஜென்சி ஷெல் (பூட் பாதியில் நின்றால் வரும் கட்டளைத் திரை). ரூட் கிடைக்கவில்லை என்கிறது. டேட்டா டிஸ்குகள் அத்தனையும் தெரிகின்றன, என்விஎம்இ மட்டும் இல்லை. சப்போர்ட்டுக்குப் போன் போட்டபோது கிடைத்ததுதான் மேலே சொன்ன அறிவுரை. ஆனால் கிரப்பும் கெர்னலும் அதே என்விஎம்இ-யிலிருந்துதானே ஏறின? அப்புறம் எப்படி டிஸ்க் செத்திருக்கும்?

அங்கே நைட் ஷிஃப்டில் இருந்த ஓசூர்த் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெஸ்க்யூ என்ட்ரியில போய்ப் பாத்தீங்களா?" என்றார். கிரப் மெனுவில் கடைசியாக, அவசரத்துக்கென்று இருக்கும் அந்த என்ட்ரியைத் தேர்ந்தெடுத்தேன். ரூட் அப்படியே எழுந்தது!

விஷயம் இதுதான். கிரப் டிஸ்கைப் படிப்பது ஃபர்ம்வேரின் உதவியால். கட்டுப்பாடு கெர்னல் கைக்கு வந்தபின் டிஸ்கைப் படிக்க அதற்கென்று டிரைவர் வேண்டும். பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு இமேஜான இனிட்ராம்எஃப்எஸ்-ஐ உருவாக்கும் கருவி டிராகட். உருவாக்கும் நேரத்தில் ரூட்டுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும்தான் வழக்கமாக அதில் வைக்கும். எங்களுடையது எஸ்ஏஎஸ் காலத்தில் உருவானது, என்விஎம்இ டிரைவர் அதில் இல்லை. ரெஸ்க்யூ இமேஜில் பொதுவான டிஸ்க் டிரைவர்கள் எல்லாமே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரெஸ்க்யூ கெர்னல் இன்ஸ்டால் செய்த காலத்தது. ரூட்டில் இருந்த அதன் மாட்யூல்கள் (டிரைவர் ஃபைல்கள்) அப்டேட்டில் நீக்கப்பட்டிருந்ததால் நெட்வொர்க் வரவில்லை, கன்சோலிலேயே வேலை பார்த்தேன். அங்கே வெறுமனே டிராகட் ஓட்டினால் ஓடும் கெர்னலுக்கு மட்டும்தான் இமேஜ் உருவாகும். 'ஃபோர்ஸ்', 'ரீஜெனரேட் ஆல்' ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். அடுத்த ரீபூட்டில் வழக்கமான கெர்னலே எழுந்தது. தம்பிக்கு ஒரு ஃபில்டர் காபி.

நீங்கள் பழைய டிஸ்கைக் கழற்றும் முன்பே டிராகட்டை அதே ஆப்ஷன்களோடு ஓட்டிவிட்டு, எல்எஸ்இனிட்ஆர்டி (இமேஜில் இருப்பதைக் காட்டும் கட்டளை) பட்டியலில் என்விஎம்இ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பிவிமூவ் நகலெடுப்பதில்லை, இடம் மாற்றிவிடுகிறது. பழைய டிஸ்கைத் திரும்பச் செருகினாலும் அதில் ரூட் இருக்காது, அதனால் ரூட்டுக்குத் தனி பேக்கப் எடுக்காமல் தொடங்காதீர்கள்.